பச்சை விளக்கு எரிகிறது, லாக்கர் திறக்கவில்லை

தூத்துக்குடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அம்மா வீட்டு எலக்ட்ரானிக் லாக்கரைத் திறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். எண்ணை அழுத்தினால் பீப் வருகிறது, பச்சை விளக்கும் எரிகிறது, கைப்பிடி மட்டும் அசைய மாட்டேன் என்கிறது. பேட்டரி கதவின் உள்பக்கம். அவசரச் சாவியும் லாக்கருக்குள்ளேயே. பத்து நாளில் தங்கை கல்யாணம், நகை அத்தனையும் உள்ளே. "கேஸ் கட்டர் வைத்து வெட்டிவிடலாம்" என்கிறாராம் பக்கத்துப் பட்டறைக்காரர். என்ன செய்யலாம்?

முதலில் பட்டறைக்காரருக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பி வையுங்கள். இருபது வருஷத்துக்கு மேலாக லாக்கர், சேஃப் பழுது பார்க்கிறேன். "பூட்டே போச்சு" என்று கூப்பிட்ட வீடுகளில் பாதிக்கு மேல் பூட்டில் ஒரு கோளாறும் இருந்ததில்லை. உங்கள் லாக்கரும் அந்த வகைதான் என்று தோன்றுகிறது. பச்சை விளக்கு எரிகிறது என்றால் நீங்கள் அழுத்திய எண் சரி, கீபேட் வேலை செய்கிறது, உள்ளே இருக்கும் சர்க்யூட்டுக்கும் உயிர் இருக்கிறது. மீதி இருப்பது ஒரே ஒரு வேலை. ஒரு சின்ன இரும்பு ஊசி அரை அங்குலம்கூட நகர வேண்டியதில்லை, அதற்கும் குறைவாக நகர்ந்தால் போதும். அது நகரவில்லை.

அந்த ஊசியை இழுப்பது சாலினாய்டு, அதாவது செம்புக் கம்பிச் சுருள். மின்சாரம் பாய்ந்ததும் காந்தமாகி ஊசியை உள்ளே இழுத்துக்கொள்ளும், கைப்பிடி விடுபடும். விலை கூடிய பூட்டுகளில் இதே வேலையைச் சிறு மோட்டார் செய்யும். விளக்கு எரியவும் பீப் அடிக்கவும் மிகக் கொஞ்சம் மின்சாரம் போதும். சாலினாய்டு அப்படியில்லை, ஒரே நொடியில் மொத்தமாகக் கேட்கும். கிணற்று மோட்டாரைப் போட்டதும் வீட்டு பல்பு மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பழைய பேட்டரிக்குள் நடப்பதும் அதேதான். சும்மா இருக்கும்போது முழு வோல்டேஜ் காட்டும். சுமை ஏறியதும் படுத்துவிடும்.

இதனால்தான் "மல்டிமீட்டரில் பார்த்தேன், பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்பவர்களை நான் அப்படியே நம்புவதில்லை. ஒவ்வொரு பேட்டரிக்குள்ளும் ஒரு தடை உண்டு. புதிய அல்கலைன் 9 வோல்ட் பேட்டரியில் அது ஏறக்குறைய 2 ஓம். அரை ஆம்பியர் இழுத்தால் 1 வோல்ட் உள்ளேயே தொலையும், 8 மிஞ்சும், பூட்டு திறந்துவிடும். பேட்டரி பழசாகி அந்தத் தடை 10 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீட்டரில் எட்டரை வோல்ட் காட்டும். அதே அரை ஆம்பியரை இழுத்தால் 5 வோல்ட் உள்ளேயே போய், மூன்றரைதான் வெளியே வரும். விளக்கு எரிய அது போதும், ஊசியை இழுக்கப் போதாது.

இப்போது உங்கள் லாக்கருக்கு வருவோம். அடுத்த முறை எண்ணை அழுத்தும்போது காதைக் கதவோடு வைத்துக் கேளுங்கள். பச்சை விளக்கு எரியும் அதே நேரத்தில் உள்ளே "டக்" என்று ஒரு சத்தம் வருகிறதா? பலமான "டக்" கேட்டும் கைப்பிடி திரும்பவில்லை என்றால் பேட்டரியைக் குற்றம் சொல்லாதீர்கள், ஊசி நகர்ந்துவிட்டது, கதவைச் சட்டத்தோடு பிடித்து நிறுத்தும் இரும்பு போல்ட்டுதான் எங்கோ சிக்கியிருக்கிறது. "டக்" வரவே இல்லை, அல்லது ஈனமாக ஒரு "டிக்" மட்டும் வருகிறது என்றால் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று பேட்டரியில் வலு இல்லை. இன்னொன்று, ஊசியின் மேல் ஏதோ அழுத்தம்.

அழுத்தத்தை முதலில் பாருங்கள், காசு செலவில்லாத வைத்தியம் அதுதான். லாக்கருக்குள் நகைப் பெட்டி, பத்திரக் கட்டு, பட்டுப்புடவை என்று திணித்திருந்தால் அவை கதவை உள்ளிருந்து வெளியே தள்ளும். போல்ட் சட்டத்தில் இறுகி, அந்த இறுக்கம் ஊசியைக் கவ்விக்கொள்ளும். திறக்கும் அவசரத்தில் கைப்பிடியைத் திருகிப் பிடித்தபடியே எண்ணை அழுத்துபவர்களும் ஊசியைத் தாங்களே நெரிக்கிறார்கள். அதனால் கைப்பிடியை முதலில் பூட்டும் பக்கமாகத் திருப்பி விடுங்கள். கதவை, கைப்பிடி இருக்கும் ஓரத்தில், உள்ளங்கையாலோ முழங்காலாலோ நன்றாக உள்ளே அழுத்திப் பிடியுங்கள். அப்படியே எண்ணை அழுத்தி, பச்சை வந்த பிறகு கைப்பிடியைத் திருப்புங்கள். பல வீட்டு லாக்கர்களில் இதற்குச் சில நொடிகள்தான் அவகாசம், அதனால் இரண்டு பேராகச் செய்வது நல்லது. சென்ற வருஷம் ஒரு வீட்டில் நான் கருவிப்பையைத் திறக்கும் முன்பே பாட்டி கதவில் சாய்ந்து நிற்க, பேரன் எண்ணை அழுத்தினான், திறந்துகொண்டது. போக்குவரத்துக் காசு மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இதிலும் திறக்கவில்லையா? திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். ஒவ்வொரு முயற்சியும் இருக்கிற கொஞ்ச உயிரையும் உறிஞ்சும். பதற்றத்தில் எண் தவறினால் பூட்டு தண்டனையாகக் காத்திருப்பில் போய்விடும். சார்ஜென்ட் அண்ட் கிரீன்லீஃப், லாகார்ட் போன்ற பூட்டுகளில் தொடர்ந்து 4 முறை தவறினால் 5 நிமிஷம் எதையும் ஏற்காது. வீட்டு லாக்கர்கள் பலவற்றில் 3 தவறுக்கே அப்படி. அந்த நேரத்தில் அழுத்திக்கொண்டே இருந்தால் காத்திருப்பு நீளுமே தவிரக் குறையாது. ஒரு ராத்திரி முழுக்கத் தொடாமல் விட்டுவிடுங்கள். ஓய்வு கிடைத்தால் களைத்த பேட்டரி கொஞ்சம் தேறும். காலையில் கதவை அழுத்திப் பிடித்து, நிதானமாக ஒரே ஒரு முறை. இந்த ஒரு முயற்சியில் திறந்த லாக்கர்கள் பல. திறந்துவிட்டால் நகையை எடுக்கும் முன் பேட்டரியை எடுங்கள், கதவைச் சாத்தாமல்.

அடுத்த வழி, வெளியிலிருந்து மின்சாரம் கொடுப்பது. பேட்டரியைக் கதவுக்கு உள்ளே வைத்து விற்கும் கம்பெனிகள், அது தீர்ந்தால் என்ன ஆகும் என்று யோசிக்காமல் விற்பதில்லை. கீபேடைச் சுற்றி நன்றாகத் தடவிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் இரண்டு உலோகப் புள்ளிகள் தெரிந்தால், அது 9 வோல்ட் சதுர பேட்டரியை வைத்து அழுத்துவதற்கான இடம். பிளஸ், மைனஸ் குறியைப் பார்த்து, புதிய பேட்டரியை ஒரு கையால் ஆடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டே மறு கையால் எண்ணைப் போட வேண்டும். நடுவில் கை நழுவினால் முதலிலிருந்து ஆரம்பம். உப்புக்காற்று ஊரில் அந்தப் புள்ளிகளில் பச்சையாகவோ கறுப்பாகவோ களிம்பு ஏறியிருக்கும். பென்சில் ரப்பரால் தேய்த்துவிட்டு வையுங்கள்.

புள்ளிகள் இல்லாமல் ஒரு வட்டத் துளை இருந்தால், லாக்கரோடு வந்த கறுப்பு பேட்டரிப் பெட்டியைத் தேடுங்கள். நாலு பென்சில் செல் போட்டு, வயர் முனையில் பின் இருக்கும். அது என்ன என்று தெரியாமல் குழந்தைகளின் விளையாட்டுச் சாமானோடு போயிருக்கும், அல்லது வாங்கிய அட்டைப்பெட்டியிலேயே கிடக்கும். கிடைக்கவில்லை என்பதற்காகத் துளைக்குப் பொருந்துகிறது என்று வைஃபை ரவுட்டரின் அடாப்டரைச் செருகிவிடாதீர்கள். அவை பெரும்பாலும் 12 வோல்ட். நாலு பென்சில் செல் 6 வோல்ட். பேட்டரிக் கோளாறாக இருந்ததை சர்க்யூட் கோளாறாக மாற்றிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதற்குப் பிறகு என் பில்லும் பெரிசாகத்தான் வரும். புதிதாக வரும் சில லாக்கர்களில் மொபைல் சார்ஜர் செருகும் வாயே இருக்கிறது, அதில் பவர் பேங்க் போதும்.

அவசரச் சாவி உள்ளே இருக்கிறது என்கிறீர்கள். உள்ளே இருப்பது ஒன்றா, இரண்டா? பெரும்பாலும் இரண்டு சாவி கொடுப்பார்கள். அம்மாவிடம் நிதானமாகக் கேளுங்கள். பூஜை அறை, அரிசி டின், பழைய கைப்பை, கியாரண்டி கார்டு வைத்த பிளாஸ்டிக் கவர் என்று இவற்றில் ஒன்றிலிருந்து இரண்டாவது சாவி வெளியே வந்த வீடுகள் நிறைய. சாவித் துளை கம்பெனி பெயர்த் தகட்டுக்குப் பின்னாலோ ஒரு சிறு பிளாஸ்டிக் மூடிக்குள்ளோ ஒளிந்திருக்கும். சாவி இல்லவே இல்லை என்றால், பில், சீரியல் எண், அடையாள அட்டை மூன்றையும் காட்டினால் சாவி செய்து தரும் கம்பெனிகள் உண்டு. நாள் ஆகும், உங்களுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. இன்றைக்கே போனைப் போடுங்கள், மற்ற வழிகளை ஒரு பக்கம் பார்த்துக்கொண்டே.

எல்லாம் கைவிட்டால்தான் துளை போடுவது. அதையும் சேஃப் வேலை தெரிந்தவர் செய்தால் பென்சில் பருமனுக்கு ஒரே துளை, சரியான இடத்தில். பிறகு அதைக் கடினமான கம்பி வைத்து அடைத்து, பூட்டை மட்டும் மாற்றி, அதே லாக்கரைப் பயன்படுத்தலாம். கேஸ் கட்டரின் சூடு இரும்போடு நிற்காது. தீ தாங்கும் தரமான பெட்டகங்களில் ஒரு வகுப்புக்கு, வெளியே தீ எரியும்போது உள்ளே 177 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்காவில் விதி வைத்திருப்பதே அதற்கு மேல் காகிதம் கருகிவிடும் என்பதால்தான். சாதாரண வீட்டு லாக்கரில் அப்படி ஒரு காப்பு கிடையாது. தங்கம் தப்பித்தாலும் வீட்டுப் பத்திரம் தப்பிக்காது.

கீபேடில் சத்தமே இல்லை, விளக்கே வரவில்லை என்று இதே பிரச்சினையோடு வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பூட்டில் பேட்டரி வெளியே, கீபேடுக்குள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நகைக்கடை, வங்கி வகைப் பூட்டுகளில் அப்படித்தான் இருக்கும். கீபேடின் அடியில் சின்னத் தட்டு கீழே இறங்கும், அல்லது கீபேடையே மெல்லத் தூக்கி எடுக்க வரும். இந்த அமைப்பில் பேட்டரி தீர்ந்து யாரும் வெளியே மாட்டிக்கொள்ள மாட்டார்கள், புதிதைப் போட்டால் முடிந்தது. ஆனால் பேட்டரியைக் கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காதீர்கள், மேலே இருக்கும் கிளிப்பைப் பிடித்துக் கழற்றுங்கள். வயர் அறுந்து என்னைக் கூப்பிடுகிறவர்கள் பேட்டரி தீர்ந்து கூப்பிடுகிறவர்களைவிட அதிகமோ என்றுகூடச் சில சமயம் தோன்றும். மூடும்போது வயர் கீபேடுக்கும் கதவுக்கும் நடுவில் நசுங்காமலும் பார்க்க வேண்டும். கீபேடே கெட்டுப்போனாலும் பயப்பட வேண்டாம். இந்த வகைப் பூட்டுகளில் ரகசிய எண் கதவுக்கு உள்ளே இருக்கும் பூட்டில்தான் பதிந்திருக்கும். புதுக் கீபேட் மாட்டினால் பழைய எண்ணுக்கே திறக்கும். கீபேடைப் பிய்த்தெடுத்த திருடனுக்கு எதுவும் கிடைக்காததும் இதனால்தான்.

பேட்டரி தீர்ந்தால் எண் அழிந்துவிடுமோ என்று கேட்காதவர் இல்லை. இப்போது வரும் பூட்டுகளில் எண் பதிந்திருக்கும் சிப்புக்கு அதை நினைவில் வைக்க மின்சாரமே தேவையில்லை. மாசக்கணக்கில் பேட்டரி இல்லாமல் கிடந்த லாக்கரும், புதுப் பேட்டரி போட்டதும் பழைய எண்ணை ஏற்றுக்கொள்ளும்.

எந்த பேட்டரி போடுவது என்பதில்தான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள். கடிகாரத்துக்கும் டிவி ரிமோட்டுக்கும் வாங்கும் மலிவான செல் இருக்கிறதே, "ஹெவி டியூட்டி" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும், அது துத்தநாக-கார்பன் வகை. பெயரில் மட்டும்தான் கனம். கடிகாரம் சொட்டுச் சொட்டாகக் குடிக்கும், அதற்கு அது போதும். லாக்கர் ஒரே மடக்கில் குடிக்கும், அதற்கு அல்கலைன் வேண்டும். அட்டையில் அல்கலைன் என்று எழுதியிருக்கிறதா, காலாவதி வருஷம் தள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரே கம்பெனி, ஒரே நாளில் வாங்கியவை, எல்லாவற்றையும் ஒன்றாக மாற்ற வேண்டும். மூன்று புதுசோடு ஒரு பழசைச் சேர்த்தால் நாலும் பழசு மாதிரிதான், அதோடு பழசு முதலில் கசியும்.

"கொஞ்சம் நல்லதாகப் போடுவோமே" என்று ரீசார்ஜ் செல் போடுகிறவர்களும் உண்டு. சாதாரண ரீசார்ஜ் செல் ஒன்றுக்கு 1.2 வோல்ட், நாலுக்கு 4.8. பூட்டு 6 வோல்ட்டை எதிர்பார்க்கிறது, புதிதாகச் சார்ஜ் ஏற்றியதே அதற்குக் களைத்த பேட்டரியாகத் தெரியும். இப்போது ஆன்லைனில் விற்கும் லித்தியம் ரீசார்ஜ் செல்லில் நேர்மாறான ஆபத்து. கடைசி நிமிஷம் வரை 1.5 வோல்ட் கொடுத்துவிட்டு, திடீரென்று ஒன்றுமில்லாமல் போகும். அல்கலைன் மெல்ல மெல்ல இறங்குவதால்தான், பேட்டரி குறைகிறது என்று பூட்டு முன்கூட்டியே தொடர்ச்சியாகப் பீப் அடித்துச் சொல்ல முடிகிறது. லித்தியம் அந்தச் சந்தர்ப்பத்தைக் கொடுக்காது. பூட்டுக் கம்பெனிகள் அல்கலைன் மட்டும் போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பேட்டரியே வேண்டாத எலக்ட்ரானிக் பூட்டு கிடையாதா என்று சிலர் கேட்பார்கள். உண்டு. அமெரிக்காவில் மாஸ்-ஹாமில்டன் என்ற கம்பெனி 1990களின் தொடக்கத்தில் எக்ஸ்-07 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் குமிழைச் சுற்றினால் உள்ளே மின்சாரம் உற்பத்தியாகி எண் தெரியும், பழைய சைக்கிள் டைனமோ மாதிரி. அரசாங்க ரகசியக் கோப்புகள் வைக்கும் பெட்டகங்களுக்காகச் செய்தது. தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு அதன் மேல் ஒரு மோகம் உண்டு, கல்யாண நகைக்கு அது தேவையில்லை.

உங்கள் லாக்கர் திறந்ததும் பேட்டரி வைக்கும் குழியைப் பாருங்கள். வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அல்கலைன் செல் கசிந்திருக்கிறது. அது காரத்தன்மை உள்ள பொருள், கையுறை போட்டுக்கொண்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டு மெல்லத் துடையுங்கள். லேசாக நுரைக்கும், பயப்பட வேண்டாம். பிறகு தண்ணீர் தொட்ட பஞ்சு, கடைசியில் மருந்துக்கடை ஸ்பிரிட், நன்றாகக் காய்ந்த பிறகு புதுச் செல். சுருள்வில் தொட்டவுடன் உடைகிறது என்றால் அந்தப் பெட்டியையே மாற்றிவிடுங்கள். லாக்கருக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள். கடற்கரை ஊரில் பூட்டுக்கும் நல்லது, பத்திரத்துக்கும் நல்லது. தீ தாங்கும் பெட்டகமாக இருந்தால் சுவருக்குள் இருக்கும் பூச்சே ஈரம் விடும், அதற்கு இன்னும் அவசியம்.

செல் மாற்றியதும் கதவைச் சாத்திப் பார்க்கத் தோன்றும். சாத்தாதீர்கள். கதவு திறந்திருக்கும்போதே கைப்பிடியைத் திருப்பி போல்ட்டை வெளியே நீட்டுங்கள், எண்ணைப் போட்டு உள்ளே இழுங்கள். இப்படி மூன்று முறை தவறாமல் வந்த பிறகுதான் சாத்த வேண்டும். எண்ணை மாற்றினாலும் இதே முறைதான். சாவி இரண்டில் ஒன்றை வேறு வீட்டில் நம்பகமானவரிடம் கொடுத்து வையுங்கள், தங்கை வீடே இருக்கிறதே. செல்லை வருஷம் ஒரு முறை, பீப் வருகிறதோ இல்லையோ, மாற்றிவிடுங்கள். என் வாடிக்கையாளர்களிடம் ஆயுத பூஜையன்று மாற்றச் சொல்வேன். எப்படியும் அன்றைக்கு லாக்கருக்குப் பொட்டு வைக்கக் கிட்டே போவார்கள். கழற்றிய செல்லை எறிய வேண்டாம், கடிகாரத்தில் போட்டால் இன்னும் பல மாசம் ஓடும்.

சாவித் துளையோ உலோகப் புள்ளியோ எங்கே என்று தெரியவில்லை என்றால் கீபேடையும் கதவின் முகப்பையும் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். சீரியல் எண் ஒட்டிய இடத்தை மட்டும் கையால் மறைத்துவிட்டு எடுங்கள். அந்த எண்ணை வைத்துத்தான் கம்பெனியில் சாவி கேட்பார்கள்.